பச்சை போன திசை

"தெரியலங்க சேர்" என்று சொன்னது டெல்சி மட்டும்தான்.

மற்ற முப்பது பிள்ளைகளும் பச்சை பளிச்சென்று தெரிகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் கேம்பஸில் பௌதிகவியல் ஆராய்ச்சி செய்கிறவன். நான் படித்த தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கே பேச வந்திருந்தேன். கையில் நகமளவு இரண்டு கண்ணாடித் துண்டுகள். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைகள். ஒன்றில் தேயிலை நிரை மாதிரி ஒழுங்காக, மற்றதில் கண்டபடி.

ஜன்னலோரம் நின்று துண்டுகளைப் பிடித்துக் காட்டி, ஒழுங்கான ஓட்டைகளில் பட்ட வெளிச்சம் ஒரே நிறமாக, பச்சையாக மின்னும், கண்டபடி இருந்தால் சிதறி மங்கும் என்று விளக்கினேன். சும்மா இருக்காமல், ஒழுக்கம் பற்றியும் நாலு வார்த்தை சேர்த்துவிட்டேன்.

நுவரெலியா விஞ்ஞான முகாமுக்குப் பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளைதான் போகலாம். நன்றாகக் கவனிக்கிற பிள்ளையாகப் பார்த்துத் தெரிவு செய்யச் சொல்லி, சுதர்ஷினி டீச்சர் பெயர்ப் பட்டியலை என்னிடம் தந்திருந்தார். முதல் பெயரே டெல்சி.

"கண்ணு இருந்தா போதாது புள்ள, கவனிக்கணும்" என்று சொல்லி அவள் பெயரை வெட்டினேன். பச்சை தெரிகிறது என்ற ஜெரோமியின் பெயருக்குச் சரி போட்டேன். டெல்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

இடைவேளை மணி அடித்தது. டீச்சர் ஆசையாகக் கேட்டதால், நான் நின்ற ஜன்னலோரத்திலேயே அவரை நிறுத்தி, இரண்டு துண்டுகளையும் அதே மாதிரிப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பிளேன்டீயோடு டெல்சியின் வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

பச்சையைக் காணோம்.

அடுத்த வாங்கு. இல்லை. முன் வாங்கு. அங்கும் வெறும் கண்ணாடிதான். கண்டபடி ஓட்டை போட்ட துண்டுதான் எல்லா வாங்குக்கும் மங்கலாகவாவது தெரிந்தது.

என் ஆய்வறிக்கையில் நானே எழுதிய வரி அப்போதுதான் உறைத்தது. ஒழுங்கான ஓட்டைகள் ஒரு நிறத்தை ஒரு திசைக்குத்தான் அனுப்பும். பச்சை போன திசையில் நின்றது நான் ஒருவன்தான்.

ஜெரோமியைக் கூப்பிட்டு உண்மையைக் கேட்டேன்.

"தெரியலங்க சேர். நீங்க அவ்வளவு நேரம் கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. பாவமா இருந்துச்சு."

பட்டியலை எடுத்து, ஜெரோமியின் பெயரை வெட்டிவிட்டு டெல்சியின் பெயரை மறுபடி எழுதினேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் ஆமான்னு சொல்றப்ப இல்லைன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும். நீங்களும் இப்படி இருந்துதானே தம்பி இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அடக்கமாகச் சிரித்து வைத்தேன். பேராசிரியர் முதன்முதலாக இந்தக் கண்ணாடியை எங்களுக்குக் காட்டியபோது, ஒன்றும் தெரியாமலே எல்லாருக்கும் முந்தித் தலையாட்டியவன் நான்.