பேசாத பிள்ளை

"என்னங்க, 'இன்ஃபன்ட்'னா என்ன அர்த்தம், சொல்லுங்க பார்க்கலாம்?"

காது மருத்துவமனையின் அந்தச் சின்ன அறையில் மனைவி இப்படிக் கேட்டதும் எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கில அகராதி அச்சாகும் இடத்தில் பிழை திருத்துகிறவள் அவள். வீட்டில் அவன் அவளைக் கூப்பிடுவதே 'அகராதி' என்றுதான். அகராதி பிடித்தவள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"கைக்குழந்தை. இது கூடத் தெரியாதா எனக்கு?"

"அது இப்ப உள்ள அர்த்தம். லத்தீன்ல 'இன்'னா இல்லை. 'ஃபான்ஸ்'னா பேசறது. ரெண்டும் சேர்ந்தா, பேசாதது." மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையைத் தடவினாள். "வர்ற மாசம் இவளுக்கு மூணு வயசு முடியுது. எனக்கு இன்னும் இன்ஃபன்ட்தாங்க."

'அம்மா' என்கிற ஒரே ஒரு சொல்லுக்கு அவள் ஏங்கிய ஏக்கம் அவனுக்குத் தெரியும். பூங்காவில் மற்ற பிள்ளைகள் தாயைக் கூப்பிட்டபடி ஓடிவருவதைப் பார்த்தால் போதும், எழுந்து வந்துவிடுவாள்.

"'ஃபேட்'டுக்கும் அதே வேர்தான். விதி. யாரோ சொல்லி முடிச்சதுன்னு அர்த்தம்" என்றாள்.

அவன் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"எவன் சொல்லி முடிச்சான்? ஆபரேஷன் பண்ணி ஒரு மாசந்தான் ஆகுது. கருவியை இன்னும் மாட்டவே இல்ல. அதுக்குள்ள நீ தீர்ப்பு எழுதறியா?"

கதவைத் திறந்துகொண்டு செவி நிபுணர் வந்தார், கையில் ஒரு சின்னப் பெட்டியோடு.

"பாப்பா தூங்குதே மேடம்..." என்று இழுத்தான் அவன்.

"தூங்கட்டும், பரவாயில்ல." எதிரே உட்கார்ந்து நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "முதல்ல தகர டப்பாக்குள்ளேருந்து பேசற மாதிரிதான் இருக்கும். சிலருக்கு உடனே புரியும், சிலருக்கு நாளாகும். பயப்படக் கூடாது."

எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய்க் கருவியைப் பொருத்தினார். பிறகு கணினியில் எதையெதையோ சரிபார்த்தார்.

"ஆச்சு. இப்பக் கூப்பிடுங்க சார்."

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்ததைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் மடியில் மகள் நெளிந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா! உச்சா வருது!"

நிபுணர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை, மனைவியின் முகத்தையே பார்த்தான். அவள் கை மெல்ல உயர்ந்து, தன் காதுக்குப் பின்னால் இருந்த கருவியைத் தொட்டது.

"இன்னொரு தடவை சொல்லு கண்ணு... என்ன வருது?"

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு காய்ச்சலில் காது இரண்டும் போய், உதட்டசைவைப் பார்த்தே காலம் தள்ளியவள், நாள் முழுக்க வாய் ஓயாத தன் மகளின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.