எலி நடிக்காது

வெக்கை தாங்காமல் தையல்காரிகள் மயங்கி விழும்போதெல்லாம், "நடிக்கறாளுக" என்பார் திருப்பூர் பனியன் கம்பெனி மேனேஜர் சண்முகவடிவேல். ஆனால் எலி நடிக்காது என்று சட்டம் நம்பியது. வேலை நடக்கும் இடத்தில் வெள்ளெலிக் கூண்டு இருக்க வேண்டும். வெக்கையோ பயமோ தாக்கி எலியின் அட்ரீனல் சுரப்பியில் நொதி எகிறினால் கூண்டில் சிவப்பு விளக்கு எரியும், சங்கு ஊதும். அந்த இடம் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

தையல் கூடத்தில் விளக்கு மினுங்கத் தொடங்கியதும் மேனேஜர் கூண்டைத் தன் ஏசி அறைக்குத் தூக்கிப் போனார். தையல்காரி செம்பருத்திக்கு வயிறு எரிந்தது.

மதியத்துக்குள் அந்த அறையில் சங்கு அலறியது. உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து அவர் போனில் போட்ட கூச்சலில் எலி மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. கூண்டோடு வெளியே ஓடி வந்தார்; பின்னால் கதவு பூட்டிக்கொண்டது.

வேறு போக்கிடமில்லாமல் தையல் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது, தலை சுற்றியது.

"ஏனுங் சார், நடிக்கறீங்களா?" என்றாள் செம்பருத்தி. கூடமே கொல்லென்று சிரித்தது.

அவர் கத்த வாயைத் திறந்தார். பக்கத்தில் கூண்டு இருந்தது. போனை எடுத்து, பூப்போல மெல்லிய குரலில், "தம்பி, தையல் கூடத்துக்கு ஏசி வேணும். இன்னைக்கே" என்றார்.