இடம் பத்தலை

அறைக்குள் படுத்திருந்த பஞ்சநதத்தின் காதில் மருமகளின் குரல் விழுந்தது.

“என்னங்க, இனிமே அவரை இங்க வச்சிருக்க முடியாது. இடம் பத்தலை. வேற ஏதாவது பாருங்க.”

“சரி மேகலா, இன்னிக்கே மாத்திடுவோம்,” என்றான் மகன் குணசேகரன்.

தன் மனைவி இறந்தபின் பஞ்சநதம் குத்தாலத்து வீட்டைப் பூட்டிவிட்டு இந்தத் தஞ்சாவூர் ஃபிளாட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவர் எழுந்து போய் எதுவும் கேட்கவில்லை. வேட்டி சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்குள் தானே கிளம்பிவிட வேண்டும்.

கதவு திறந்தது. கையெல்லாம் மண்ணோடு மேகலா நின்றாள்.

“மாமா, பால்கனியில நம்ம அவரைக்கொடி பெயிண்ட் வாளிக்குள்ள வேர்விட இடமில்லாம வாடுது. பெரிய தொட்டிக்கு மாத்தணும், நீங்க வந்தாதான் ஆகும். ஆமா, பை எதுக்கு மாமா?”

பஞ்சநதம் பையைத் திறந்தார். பிறகு துணிகளைக் கட்டிலில் கொட்டினார்.

“மண்ணு அள்ளத்தாம்மா.”