மேல்மாடியில் ஒருவர்

ஞாயிறு மதியம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். எடிசன் நகரத்து ஆபீசிலிருந்து என் கணவர் போன் செய்தார். ஆபீஸ் முழுவதற்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃபிரேமை, எல்லோரும் வேலை முடித்ததும் நிறுத்துவது அன்று அவர் பொறுப்பு.

"நெஞ்சு லேசா அடைக்குது. கேஸ்தான்."

"911 கூப்பிடவா?"

"ஏப்பத்துக்கு ஆம்புலன்ஸா? ஊரே சிரிக்கும். எல்லாரும் லாக் ஆஃப் பண்ணிட்டாங்க. மேல்மாடியில ஒரு டெர்மினல் மட்டும் ஓப்பனா இருக்கு, யாரோ இன்னும் வேலை பார்க்கறான். இங்க டெர்மினல் நம்பர்தான் தெரியுது, ஆள் பேர் தெரியல. மெசேஜ் அனுப்பினேன், பதிலே இல்ல. மாடி ஏறிப் பார்க்கத் தெம்பில்ல."

"அந்த மகராசனை கட் பண்ணிட்டு ஹாஸ்பிடல் போங்க!"

"கட் பண்ணினா அவன் பாதி செஞ்ச வேலையெல்லாம் போயிடும். பாவம்டி. அவன் முடிக்கட்டும், உடனே கிளம்பறேன்."

அவர் கிளம்பவில்லை. மாலையில் காவலாளி போய்ப் பார்த்தபோது நாற்காலியிலேயே உயிர் போயிருந்தது.

மறுநாள், அவருடன் வேலை பார்த்த நஜ்முதீன் வீட்டுக்கு வந்தார்.

"மேல இருந்தவன் வேலையை முடிச்சானா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல யாருமே இல்லக்கா. நேத்து காலையில அண்ணன்தான் அங்க உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட் பார்த்திருக்காரு. லாக் ஆஃப் பண்ண மறந்துட்டாரு. ஸ்கிரீன்ல இன்னும் அவர் பேருதான் இருக்கு."