கடைசிக் குச்சி

வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் பயிற்சித் திடலுக்குள் நெருப்பு கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் தகரத் தட்டில் தீப்பெட்டியை வைத்துவிட்டுப் போய், திரும்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், என்னோடு பாடம் நடத்திய நண்பன் சோடாபுட்டி அப்படி வைத்துவிட்டுத்தான் போனான். அன்று வெடித்தது பயிற்சிக் குண்டு இல்லை. அவன் தீப்பெட்டியை எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. சிகரெட்டை மட்டும் அன்றோடு விட்டேன்.

அவன் இருந்தவரை, வகுப்பு முடிந்ததும் இருவரும் வெளியே பெஞ்சில் உட்காருவோம். ஒரே குச்சியில் இரண்டு சிகரெட்டையும் பற்றவைத்து, எனக்குத்தான் முதலில் நீட்டுவான்.

"பிடிடா, ஆறிடப் போகுது" என்பான், என்னவோ டீ கொடுப்பவன் மாதிரி.

அவன் போன பிறகும், ஒவ்வொரு அணியும் பயிற்சி முடித்துப் போகிற அன்று அந்தப் பெட்டியில் ஒரு குச்சி குறையும். நான் யாரிடமும் கேட்டதில்லை.

இன்றோடு எனக்குப் பணி ஓய்வு. கடைசி வகுப்புக்குப் போகும்போது ஒரே ஒரு குச்சிதான் மிச்சம்.

"சார், இந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுடவா?" என்று வாசல் காவலர் கேட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்பா."

திரும்பி வந்தபோது பெட்டி காலி. பெஞ்சில் கரிந்த குச்சி ஒன்றும் இரண்டு சிகரெட்டுகளும் இருந்தன. ஒன்று பாதி தீர்ந்திருந்தது. மற்றது அப்போதுதான் பற்றவைத்தது, இன்னும் யாரும் இழுக்காதது.

நான் ஆறவிடவில்லை.