இரண்டு காற்புள்ளிக்கு நடுவில் மாமி

ஆங்கில வசனத்தில் இரண்டு காற்புள்ளிக்கு நடுவில் ‘ஹூ’ (who) போட்டு மேலதிகத் தகவல் சேர்ப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்ட, ஆங்கில ரியூசன் மாஸ்டர் ஸாஜித் தன் மாமியை, அதாவது மனைவியின் உம்மாவை, வைத்தே ஒரு வசனம் எழுதினான். அது வகுப்புக் குழுவுக்குப் போகாமல் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. பதறியடித்து அழித்தான், தன் போனில் மட்டும் அழிந்தது.

‘என் மாமி, ஓயாமல் வாயடிக்கிறவர்,’ என்றுதான் வசனம் தொடங்கும். மாமி ஹவ்வா உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கட்டாரில் இருக்கும் அவர் மகன் அக்ரமுக்குத் தெரியும். ஸாஜித் உடனே அவனுக்குப் போன் எடுத்தான்.

“மச்சான், உம்மாட்டச் சொல்லிராதீங்க!”

“இப்பதான் வாசிச்சுக் காட்டினன், மச்சான்.”

இனி இரவில் படுக்கக் காத்தான்குடிக் கடற்கரை மணல்தான் பாய் என்று நினைத்தபடி ஸாஜித் குசினிக்கு ஓடினான். மாமி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை.

“மாமி, அது வெறும் இலக்கணம். ரெண்டு கொமாக்கு நடுவுல வாறது சும்மா ஒட்டு. தூக்கி எறிஞ்சாலும் மிச்ச வசனம் நிக்கும்.”

மாமி மீனைத் திருப்பிப் போட்டார்.

“அல்லாக்காக ஒண்டச் சொல்லுங்க மாமி. கோவமா, இல்லியா?”

மாமி அடுப்பை அணைத்தார்.

“கோவம்தான் மகன். நான் வாயாடிதான், அதக் கேட்டுச் சிரிச்சன். அதத் தூக்கினா மிச்சம் என்ன நிக்கிது? ‘என்ட மாமி என்ட ஊட்டுல இரிக்கா.’ மகளுக்குச் சீதனமா இந்த ஊட்டக் கட்டினது நான். மாப்பிள்ளையா வந்து இரிக்கிறது நீங்க. திருத்திப் போடுங்க. வாயாடிய மட்டும் வெட்டிராதீங்க.”