அமெரிக்கப் படிப்பு

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைப் பெண்ணின் தகப்பன் நதானியேலின் மேசையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்த பிறகுதான், மாப்பிள்ளையின் தாய் நேசமலர் கதிரையில் அமர்ந்தார். மாப்பிள்ளை பிறேமும் பக்கத்தில் அமர்ந்தான்.

“எங்கடை பிறேம் அமெரிக்கன் யூனிவேர்சிற்றியிலை படிச்ச பிள்ளை. அந்தப் படிப்புக்கு உங்கடை புத்தூர் வீட்டையும் கொடிகாமத்துத் தென்னங்காணியையும் எழுதித் தந்தால் போதும். வேறை ஒண்டும் கேக்கமாட்டம்.”

எவ்வளவு பெரிய மனசு! நதானியேலிடம் இருந்ததே அந்த இரண்டும்தான். ஒரே மகளாயிற்றே என்று அவர் தலையாட்டப் போன நேரம், தேத்தண்ணி கொண்டுவந்த ஜெனிற்றா சான்றிதழை உற்றுப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய், இன்னொரு சான்றிதழைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே பல்கலைக்கழகம், அதே பாடம். பெயர் மட்டும் ஜெனிற்றா.

“நீ எப்ப பிள்ளை அமெரிக்காவுக்குப் போனனி?” என்றார் நதானியேல்.

“போகேல்லை அப்பா. குசினியிலை புட்டு அவியேக்கை போனிலை பாத்துப் படிச்சனான். உது உலகத்திலை ஆருக்கும் சும்மா குடுக்கிற ஒன்லைன் படிப்பு.”

பிறேம் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தான்.

ஜெனிற்றா நேசமலரிடம் பணிவாகக் கேட்டாள்:

“அப்ப மாமி, என்ரை படிப்புக்கு நீங்கள் எந்தக் காணியை எழுதித் தாறியள்?”